இதயத்தைக் காப்போம், எழுந்த தலைமுறையைக் காப்போம்
(அரிமளத்தில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக்கென ஒரு கழகம் அமைத்து, இருபத்தைந்து ஆண்டுகள் அதனைக் கட்டிக் காத்து, இன்று வெள்ளி விழாவும் எடுக்கின்றீர்கள். இத்தகைய விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் இதயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றாரே என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு, அதனை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

நம் குடும்பங்களில் கல்வி எவ்வாறு வந்தது? கைநாட்டு வைத்த தந்தையும், களையெடுத்துக் கூலி வாங்கிய தாயும் தம் வயிற்றைக் கட்டி ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளை விடுதியில் தங்கிப் படித்து, பட்டம் பெற்று, ஆசிரியராகவோ எழுத்தராகவோ காவலராகவோ செவிலியராகவோ பணியில் அமர்ந்தது. அந்த ஒருவரின் ஊதியத்தில்தான் தங்கையின் திருமணம் நடந்தது. தம்பியின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. ஓட்டு வீடு எழுந்தது. பெற்றோரின் மருந்துச் செலவு நடந்தது. நிலமும் சேமிப்பும் உடைய குடும்பத்தில் ஒருவர் வீழ்ந்தால் தாங்கிப் பிடிக்க வேறு கைகள் இருக்கும். நம் குடும்பத்திலோ ஏணியில் ஏறியவர் ஒருவரே. அவர் தோளில்தான் மற்றவர்கள் நிற்கின்றார்கள். அவர் நாற்பத்தைந்து வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், இரண்டு தலைமுறை பாடுபட்டுச் சேர்த்த கல்வியின் பயன் ஒரே நாழிகையில் கரைந்து போகின்றது. அடுத்த பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போகின்றது.

ஆதலால், இதயத்தைக் காப்பதும் கல்விப் பணியே. இந்த ஒரு கருத்தையே இன்று உங்கள்முன் விரித்துரைக்க விரும்புகின்றேன்.

மருத்துவம் நமக்கு அயலான துறையன்று

உடல்நலம் பற்றிய அறிவு வேறு யாரோ நமக்கு அளக்க வேண்டிய பொருள் என எவரும் எண்ண வேண்டா. 1907-ஆம் ஆண்டில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்குக் குரல் கொடுத்த அயோத்திதாசப் பண்டிதர், தேர்ந்த சித்த மருத்துவர். சென்னை தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நம் புதுக்கோட்டை மண்ணில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பெண் என்றும் பிறப்பு என்றும் எழுந்த தடைகளைத் தாண்டி மன்னர் கல்லூரியில் கால்வைத்தார்; சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். மருத்துவ அறிவும் சமூக விடுதலையும் கைகோத்து நடந்த வழியில் வந்தவர்கள் நாம்.

இதயம் செய்யும் வேலை

நம் இதயம் அவரவர் கைப்பிடி அளவினது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கின்றது. ஒரு நாளில் இது ஓர் இலட்சத்தைத் தாண்டுகின்றது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 7,000 லிட்டருக்கு மேல் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகின்றது. வயலுக்கு நீர் இறைக்கும் எந்திரத்திற்கு மின்தடை நேரத்திலாவது ஓய்வு உண்டு. இதற்கு ஓய்வே இல்லை.

உடல் முழுவதற்கும் உணவளிக்கும் இதயத்திற்கும் உணவு வேண்டும். அதனை இரண்டு மெல்லிய இரத்தக் குழாய்கள் கொண்டு வருகின்றன. வாய்க்காலில் வண்டல் படிவதுபோல இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்படிவு தடிக்கின்றது. ஒருநாள் அதன் மேற்பரப்பு வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து, வழி முற்றிலும் அடைபடுகின்றது. நீர் எட்டாத கடைமடைப் பயிர் கருகுவதுபோல இதயத் தசையின் ஒரு பகுதி கருகுகின்றது. இதுவே மாரடைப்பு.

இளைஞர்களே, இது முதியோர் நோய் என்று நீங்கள் கருதலாம். கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரர்களின் உடல்களை மருத்துவர்கள் அறுத்து ஆராய்ந்து 1953-இல் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. அவர்களுள் நால்வரில் மூவர்க்கு இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் காணப்பட்டது. வண்டல் படியத் தொடங்குவது இருபது வயதில். வாய்க்கால் அடைபடுவது ஐம்பது வயதில். ஆகவே இந்த உரை முதன்மையாக உங்களுக்கே உரியது.

2004-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வினையும் நீங்கள் அறிய வேண்டும். இந்தியாவில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில், ஏறத்தாழ 30,000 பேரிடம் நடந்த ஆய்வு அது. முதன்முறை வரும் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு ஒன்பது காரணங்களே அடிப்படை என அது கண்டது. புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தத்தில் தீய கொழுப்பு, தொந்தி, காய்கனி உண்ணாமை, உடலுழைப்பு இன்மை, மனச்சுமை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஏனைய நாட்டார்க்கு 59 வயதையொட்டி வரும் முதல் மாரடைப்பு, நம் தெற்காசிய மக்களுக்கு 53 வயதிலேயே வந்துவிடுகின்றது என்பதும் அவ்வாய்வினின்று தெரிந்தது. இந்தக் காரணங்களில் பெரும்பாலானவை நம் அன்றாடப் பழக்கத்துள் அடங்கியவை. தலையில் எழுதியது என்று சொல்லித் தப்ப இடமில்லை.

உணவு: இழிவு ஏதுமில்லை, அளவு உண்டு

முதலில் உப்பு. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதம் 600 கிராம் போதுமானது. உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாளில் தீர்கின்றது என்று பாருங்கள். ஐம்பது நாள் வந்தால் நன்று. இருபது நாளில் தீர்ந்தால் வீட்டில் இரத்தக் கொதிப்பு குடியேறிக்கொண்டிருக்கின்றது என்று பொருள். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கருவாட்டை நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசிச் சமையுங்கள். குழம்பிற்குத் தனியே உப்பிட வேண்டா. பழைய சோற்றுக்கு ஊறுகாய்க்கு மாறாகச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சோறு. நம் பாட்டன்மார் வரகும் கேழ்வரகும் கம்பும் சாமையும் உண்டார்கள். அது வறுமையின் உணவு என்று நாம் வெட்கப்பட்டோம். நெல்லுச்சோறு நமக்கு மதிப்பின் அடையாளமாயிற்று. அந்த ஏக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாள்தோறும் நெல்லை விளைவித்துவிட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே நெல்லுச்சோறு கண்ட தலைமுறையின் ஏக்கம் அது. 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் தமிழ்நாட்டில் பங்கீட்டுக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்தபோது பல வீடுகளில் பசி தீர்ந்தது. ஆனால், மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றையே தட்டு நிறையக் குவித்து, காயைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைத்தால், நீரிழிவும் தொந்தியும் தொடர்ந்து வரும். சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு ஆகியவை இறைச்சிக்கு நிகராகச் சதை வளர்ப்பவை. முருங்கைக் கீரையும் பண்ணைக் கீரையும் குப்பைக் கீரையும் நம் வேலியிலும் வரப்பிலும் விளைகின்றன. நம் வட்டாரக் கடலையை அவித்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி உண்பது இதயத்திற்கு நன்மை செய்யும். உப்பில் புரட்டிய கடலையை மட்டும் தவிருங்கள்.

எண்ணெய் ஒருவர்க்கு மாதம் அரை லிட்டர் போதும். பாமாயிலில் ஏறத்தாழப் பாதி, உறையும் இயல்புடைய நிறைகொழுப்பு. அதனையே முழுதும் நம்பியிராமல், இயன்ற அளவு கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள்.

இறைச்சியைப் பற்றியும் ஒரு சொல். மாட்டிறைச்சி உண்பதை இழிவெனக் கூறி நம்மைத் தலைகுனிய வைத்தவர்கள் உண்டு. உணவில் இழிவு ஏதுமில்லை. ஏழையின் உடலுக்கு இரும்பும் புரதமும் தந்த உணவு அது. மருத்துவம் பார்ப்பது அளவையும் சமைக்கும் முறையையும் மட்டுமே. கொழுப்பை நீக்கிச் சதைப் பகுதியை மட்டும் எடுத்துக் குழம்பு வையுங்கள். எண்ணெயில் பொரித்த வறுவலை நாள்தோறும் நாடாதீர்கள். ஆட்டுக்கறிக்கும் இதே விதிதான். குளத்து மீன், நண்டு, நத்தை ஆகியவற்றைக் குழம்பாக்கி உண்பதில் தடையில்லை.

புகையும் மதுவும்

பீடி சிறியது, ஆகவே தீமையும் சிறிது என்று எண்ணுவோர் உளர். அது பிழை. பீடியும் சிகரெட்டும் இதயக் குழாயைச் சுருக்கி, இரத்தத்தை உறையத் தூண்டுகின்றன. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும், உதட்டினுள் ஒதுக்கும் பொட்டலப் புகையிலையும் அவ்வாறே கேடு செய்பவை. குட்கா வகைகள் தமிழ்நாட்டில் 2013-இல் தடை செய்யப்பட்டன; ஆயினும் கடை மறைவில் இளைஞர் கைக்கு அவை வந்து சேர்கின்றன. மகிழத் தக்க செய்தியும் உண்டு. புகைப்பதை அறவே விட்ட ஓராண்டில், புகையால் கூடிய மாரடைப்பு அச்சம் பாதியாகக் குறைந்துவிடுகின்றது. விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண் உதவுகின்றது.

மதுவைப் பற்றிப் பேசும்போது மனம் கனக்கின்றது. மது இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றது. இதயத் தசையைத் தளர்த்துகின்றது. துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கின்றது. ஊர் வேலைக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கள்ளும் சாராயமும் ஊற்றிக் கொடுக்கப்பட்ட நாள்களை இங்குள்ள முதியோர் அறிவர். கூலி கேட்டு நிமிர வேண்டியவனை மயக்கத்தில் ஆழ்த்திய ஏற்பாடு அது. அந்தக் கலயம் இன்று கண்ணாடிப் புட்டியாக மாறியிருக்கின்றது. வேறுபாடு, இன்று நாமே பணம் கொடுத்து வாங்குகின்றோம் என்பதே. நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிக்குச் செலவிடுபவர், ஆண்டொன்றுக்கு 54,750 ரூபாயைக் கரைக்கின்றார். ஒரு பிள்ளையைக் கல்லூரியில் படிக்க வைக்கும் தொகை அது. இறப்பு வீட்டில் குடித்தே ஆக வேண்டும், பறை அடிப்பவன் குடித்தால்தான் அடி விழும் என்பனவெல்லாம் பிறர் நம்மேல் ஏற்றிய கதைகள். பறை இன்று கல்லூரி மேடைகளில் மதிப்புடன் முழங்குகின்றது; அங்கே எவரும் குடித்துவிட்டு அடிப்பதில்லை.

நடையும் மிதிவண்டியும்

உடலுழைப்பைப் பற்றிச் சொன்னால் நம் மக்கள் சிரிப்பார்கள். 'காலை முதல் மாலை வரை மண் வெட்டுகின்றோம், எங்களுக்கு நடைப்பயிற்சியா?' என்பார்கள். உண்மைதான். வயலிலும் கல்குவாரியிலும் உழைப்போர்க்குத் தேவை நல்ல உணவும், போதிய நீரும், ஓய்வுமே. உச்சி வெயிலில் வெறும் வயிற்றோடு உழைக்க வேண்டா. நீராகாரமும் மோரும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

ஆனால், படித்து நாற்காலியில் அமர்ந்தோர்க்கு நிலைமை வேறு. இலண்டன் மாநகரில் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் மாடிப் பேருந்துகளில் பணிபுரிவோரை ஆராய்ந்து 1953-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நாளெல்லாம் அமர்ந்தே வண்டியோட்டிய ஓட்டுநர்களைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே வண்டி; ஒருவர் உட்கார்ந்தார், மற்றவர் நடந்தார். வயலில் உழைத்த தந்தையின் பசியோடு, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் உண்டால் என்னவாகும் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடந்தால் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளுக்கு அரை மணி. வாரத்தில் ஐந்து நாள். இதற்குக் காலணியோ கருவியோ கட்டணமோ தேவையில்லை.

இதில் உலகிற்கே வழிகாட்டிய மாவட்டம் நம்முடையது என்பதை நம் பெண்மக்கள் மறக்கலாகாது. 1991-ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஊக்கமளிக்க, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வயற்கூலிப் பெண்களும், கல்குவாரியில் கல்லுடைத்த பெண்களும், செவிலியரும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஏறினார்கள். ஏளனம் செய்தவர்களின் கண்ணெதிரே சாலைகளை நிறைத்தார்கள். பெண்ணின் விடுதலைக்கென ஓடிய சக்கரம் அவள் இதயத்தின் நலத்திற்கும் ஓடியது. பின்னர் 2001-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியபோது, அது முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கே வழங்கப்பட்டது. அந்த மிதிவண்டிகளைத் திண்ணையில் சாத்தித் துருப்பிடிக்க விடாதீர்கள். இராயவரத்திற்கும் கே.புதுப்பட்டிக்கும் ஒரு சிறு வேலை என்றாலும் மோட்டார் சைக்கிளை உதைக்கும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கின்றேன்.

ஓசையில்லாப் பகைவன்

இரத்தக் கொதிப்பு வலி தராது, காய்ச்சல் தராது, ஒன்றுமில்லாததுபோல் பல ஆண்டுகள் உள்ளிருந்து இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். அளந்து பார்ப்பதைத் தவிர அறிய வேறு வழியில்லை. 140-க்கு 90 என்ற அளவை எட்டினால் மருத்துவரைக் காண வேண்டும்.

அமெரிக்க நாட்டுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு மாண்டார். அவருடைய இரத்த அழுத்தம் பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்தது. தணிக்கத் தக்க மருந்து அந்நாளில் இல்லை. நம் ஊர்க் கூலித் தொழிலாளிக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசின்றிக் கிடைக்கும் மாத்திரை, அன்று அந்த வல்லரசின் தலைவர்க்குக் கிட்டவில்லை. கிடைத்திருந்தும் நாம் அதனை உண்ணாமல் விடுவது எத்துணைப் பேதைமை! 'தலைச்சுற்றல் நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்' என்று சொல்வோர் பலர். மாத்திரையால்தான் அழுத்தம் அடங்கியிருக்கின்றது. நிறுத்தினால் மீண்டும் ஏறும். நீரிழிவிற்கும் இதுவே பொருந்தும். அண்ணல் அம்பேத்கரும் நீரிழிவால் உடல் நலிவுற்று 65 வயதில் மறைந்தார். இன்னும் பத்தாண்டு அவர் வாழ்ந்திருந்தால் என்று ஏங்காத நெஞ்சம் இங்குண்டா?

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தையல் நாடாவால் இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. நெருக்கடியான சிறு வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து, பின்னர் மூட்டுகள் மாறி மாறி வீங்கி வலித்தால் அலட்சியம் செய்யலாகாது. அது முடக்குக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி தானே போய்விடும். ஆனால் இதயத்தின் கதவுகள் பழுதாகிவிடும். உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் காலம்வரை பென்சிலின் ஊசியைத் தவறாது போட்டுவந்தால் அந்தக் கேட்டைத் தடுக்கலாம். இது வறுமையின் நெருக்கடியிலிருந்து பிறக்கும் நோய். நம் பிள்ளைகளே இதற்கு மிகுதியும் இரையாகின்றார்கள்.

மனச்சுமையும் அவமதிப்பும்

ஏழு மணி நேரம் உறங்குங்கள், கவலையைக் குறையுங்கள் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கடன்காரன் வாசலில் நிற்கும்போதும், அலுவலகத்தில் சாதி பார்த்துத் தண்ணீர்க் குவளை ஒதுக்கப்படும்போதும் கவலையை எப்படிக் குறைப்பது? 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்ட செய்தி வந்தபோது, எத்தனை பேருக்கு அன்றிரவு உறக்கம் வந்திருக்கும்? இதயத்தைத் தாக்கும் காரணங்களுள் மனச்சுமையும் ஒன்றென ஆய்வாளர் எழுதி வைத்திருக்கின்றனர். ஆகவே, ஒழுங்கான தெருவும், விளக்கும், விளையாட்டுத் திடலும், தூய குடிநீரும், மானத்தோடு வாழும் உரிமையும் கேட்டுப் பெறுவதும் இதயம் காக்கும் மருந்தே. சுமையைத் தனியே சுமக்காதீர்கள். கழகத்தில் வந்து பேசுங்கள். தனியே குமுறுபவனின் நெஞ்சு வெடிக்கும். கூடிப் பேசுபவனின் நெஞ்சு உரம் பெறும்.

நெஞ்சு வலித்தால்

நடு மார்பில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோர்க்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சுத் திணறலும் மட்டும் வரக்கூடும். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்கும் ஒரு மணி நேரமே உயிரைக் குடிக்கும் நேரம். உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியை நடக்கவிடாதீர்கள், தன்னந்தனியாக வண்டியோட்டிச் செல்ல விடாதீர்கள். தொடக்க நிலையிலேயே உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுத்தனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் தொடங்கிற்று. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகின்றது. எவரேனும் நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், ஊர்தி வரும்வரை நடு மார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இதனை இளைஞர் ஒவ்வொருவரும் முறையாகக் கற்றிருத்தல் வேண்டும்.

ஊர் கூடினால் இயலும்

பின்லாந்து நாட்டில் வட கரேலியா என்றொரு மாநிலம். காடும் ஏரியும் நிறைந்த ஏழைப் பகுதி. நடுவயது ஆண்கள் அங்கே மாரடைப்பால் மிகுதியாக மடிந்தார்கள். மக்களே அரசிடம் முறையிட, 1972-இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர் தலைமையில் ஒரு பணி தொடங்கிற்று. மருத்துவமனை கட்டுவதோடு நில்லாமல், அவர்கள் வீட்டுப் பெண்களின் சங்கங்களை நாடினார்கள். வெண்ணெயையும் உப்பையும் குறைத்துச் சமைக்கும் முறையை ஊர் ஊராகச் செய்து காட்டினார்கள். புகையை விடுவதிலும் போட்டி வைத்தார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. சென்னையை அடுத்த சிற்றூர்களில் சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி அவர்கள், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, வீடு வீடாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்தார். விலை குறைந்த மருந்துகளாலேயே நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார்.

அவர்களால் இயன்றது அரிமளத்தில் இயலாதா? இக்கழகத்திற்கு நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். ஒன்று: இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்று வாங்கி, படித்த பெண்கள் இருவர்க்குச் செவிலியர் மூலம் பயிற்சி அளித்து, மாதந்தோறும் ஒரு ஞாயிறன்று முப்பது வயது கடந்த அனைவர்க்கும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரண்டு: மாத்திரை உண்ண வேண்டியவர் நிறுத்திவிட்டால், அவர் வீட்டிற்குச் சென்று நினைவூட்டும் பொறுப்பை மாணவர்கள் ஏற்கட்டும். மூன்று: நம் குடியிருப்பின் இறப்பு வீடுகளிலும் திருவிழாக்களிலும் மது வழங்குவதில்லை எனக் கூடி முடிவெடுங்கள். நான்கு: மாலை நேரத்தில் பெண்கள் அச்சமின்றி நடக்கவும், இளைஞர் கபடி ஆடவும் ஏற்ற விளக்குடன் கூடிய திடலைப் பேரூராட்சியிடம் எழுத்து மூலம் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.

இளைஞர்களே! இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகம் பொன்விழாக் கொண்டாடும். இன்று இருபது வயதில் தோரணம் கட்டி, நாற்காலி சுமந்து, இவ்விழாவை நடத்தும் உங்களுக்கு அன்று நாற்பத்தைந்து வயது. நான் முதலிற் சொன்ன அந்த வயது. அன்று மேடையில் அமர வேண்டியவர்கள் நீங்கள். மாலையிட்ட படமாகச் சுவரில் தொங்க வேண்டா. மாலை ஏற்கும் மனிதர்களாக வந்து அமருங்கள். அதற்கான வேலை நாளைக் காலை அரை மணி நடையிலும், நாளைய குழம்பில் போடும் உப்பிலும் தொடங்குகின்றது.